டவுனுக்கு அனுப்பாத கேஸ்

தருமபுரி தனி மாவட்டமானபோது ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டதாம், அதனால் டவுன் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்க வேண்டுமாம். சர்க்கார் பணம் வந்து அங்கேயே இறங்கிக்கொண்டது. பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம், ஓட்டுக் கட்டடத்தில் இருந்த எங்கள் பிரசவ விடுதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கே மிட்வைஃப். இரண்டு கட்டில், பெருக்கித் துடைக்க ஓர் அம்மாள், அவ்வளவுதான்.

ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் பொய். டவுனுக்குப் புதுக் கட்டில் வரும்போதெல்லாம் அவர்களுடைய பழைய கட்டில் எங்களுக்கு வரும். கூடவே பழைய போர்வைகள், எல்லாவற்றிலும் அவர்கள் ஆஸ்பத்திரி முத்திரையோடு. என் கையில் பிறந்த குழந்தையை அந்தத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுக்கும்போது, ஏதோ டவுன்காரர்கள் பெற்றுக் கொடுத்த மாதிரி எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் சோடா உப்புப் போட்டு அந்த மையைத் தேய்த்துப் பார்த்தேன். துணிதான் கிழிந்தது.

அங்கே வேறு யாராவது இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. என்னோடு பயிற்சி முடித்த சிநேகிதிதான் டவுன் பிரசவ வார்டில் இருந்தாள். பயிற்சிக் காலத்தில் ஹாஸ்டலில் ஒரே அறையில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரியவர்கள் நாங்கள். பரீட்சையில் நான் அவளைவிட மேலே. இதை நான் மறந்ததே இல்லை, அவள் நினைத்ததே இல்லை. மாதக் கூட்டத்துக்கு டவுனுக்குப் போனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புதுச் சாமான்களைக் காட்டுவாள்.

"இத பாருடீ, கரண்ட்டுலயே கொதிக்குது. கத்திரிக்கோலு, நூலு எல்லாம் உள்ள போட்டுட்டு நீ பாட்டுக்கு வேற வேல பாக்கலாம்."

நான் விறகு அடுப்பில் குண்டான் வைத்து, கண்ணில் புகையோடு கத்தரிக்கோலை வேகவைத்துக்கொண்டிருந்தவள். அவள் பெருமையடித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். "உனுக்கும் வரும்டீ" என்று மனசாரச் சொல்வாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கஷ்டமான பிரசவக் கேஸ்களை டவுனுக்கு ஏற்றிப்போக எங்களுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறையும் திரும்பி வந்ததும், கூட்டத்துக்குப் போன அன்று ஆபீஸ் கிளார்க்கிடமே கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"கேஸு இருந்தாத்தாங்க பணம் வரும். கஷ்டமான கேஸையெல்லாம் நீங்க இங்க அனுப்பிடறீங்க. பிரசவம் இவங்க ரிஜிஸ்டர்ல ஏறுது. அப்ப பணமும் இவங்களுக்குத்தானே வரும்? உங்களுக்கு எதுக்குங்க வண்டி?"

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தேன். என் கையாலேயே அவள் வார்டை வளர்த்துவிட்டிருக்கிறேன்! இனி ஒரு கேஸைக்கூட டவுனுக்கு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நாலைந்து மாதம் அப்படியே நடந்தது. சிக்கலானவை இரண்டு வந்தன, இரண்டும் நல்லபடியாக முடிந்தன. எங்கள் ரிஜிஸ்டர் நிறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். தலைப்பிரசவம். புருஷன் கேழ்வரகுக் கொல்லையிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வயிற்றைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்தது. தலைப்பிரசவத்தில் இப்படி இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று அது. டவுனுக்குப் போகும் பத்து மணி பஸ் எதிரே வந்து நின்றது.

"பஸ்ஸு நிக்குதுங்க. ஏத்திடட்டுங்களா நர்சம்மா?" என்று வாசலிலிருந்து கேட்டான்.

"வேண்டாம், இங்கயே ஆயிடும்" என்றேன். பஸ் போய்விட்டது.

மத்தியானம் வரை வலி இருந்தது, பிள்ளை இறங்கவில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ரோட்டுக்கு ஓடி, புளி மூட்டை ஏற்றி வந்த லாரியை நிறுத்தி, மூட்டைகளுக்கு நடுவே அவளைப் படுக்கவைத்துக்கொண்டு போனோம். புருஷன் அவள் தலையை மடியில் வைத்திருந்தான்.

டவுனில் என் சிநேகிதி அவளை வாங்கிக்கொண்டாள். டாக்டர் தாயைக் காப்பாற்றிவிட்டார். ஆண் பிள்ளை. இறந்துதான் பிறந்தது.

எல்லாம் முடிந்து என் சிநேகிதி கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தாள்.

"எத்தினி மணிக்குடீ தெரிஞ்சுது?"

"காலையிலேயே."

"பஸ்ஸு?"

நான் தரையைப் பார்த்தேன். அவள், 'வாகன வசதி இல்லாததால் தாமதமாகக் கொண்டுவரப்பட்டது' என்று எழுதிவிட்டு, "போயி மூஞ்சி கழுவிட்டு வா" என்றாள்.

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷத்திலும் எனக்கு அவள் மேல் பொறாமைதான் வந்தது. ஒரே வரியில் ஒருத்தியைக் காப்பாற்றிவிடுகிற இடமும் டவுனுக்குத்தானே கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வரி ஃபைலில் ஏறி மேலே மேலே போயிற்று. நான் மூன்று முறை எழுதி நடக்காதது அதனால் நடந்தது. மறு வருஷம் எங்களுக்கு வண்டி வந்தது. பழையது இல்லை, புத்தம் புது வண்டி. கதவில் எங்கள் ஊர்ப் பெயர். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மைக் வைத்து விழா நடத்தினார்கள். வந்திருந்த அதிகாரி, வண்டி இல்லாத கொடுமையால் இந்த ஊரில் ஒரு சிசு இறந்ததைக் குறிப்பிட்டு, அந்த வரியைத் தாளைப் பார்த்து அப்படியே படித்தார். ஊர் கை தட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண்ணின் புருஷன் என்னிடம் வந்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தான்.

"நர்சம்மா, அன்னிக்கி பஸ்ஸு நின்னுச்சுன்னு எனக்கு ஒரு நெனப்பு இருந்துச்சுங்க. ஒரு வருஷமா அதையே நெனச்சிக்கிட்டு, வூட்டுல சொல்லவும் மாட்டாம கெடந்தேன். இப்ப பாத்தா எழுத்துலயே வண்டி இல்லைன்னு இருக்குது. எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சுங்க, இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.