தொட்டுப் பார்த்த கை

அடி அண்ணாமலை ஊர்க்காரர் அப்பாதுரைக்கு மூத்தாள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இளையாள் பச்சையம்மாளுக்குத்தான் இரண்டு பிறந்தன. மூத்தவன் அன்பரசன், அடுத்தவள் ஆதிலட்சுமி. அண்ணன் ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தான், தங்கை அதே மேடையில் பாடினாள். கூழ் ஊற்றும் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வருஷம் முழுக்க அலைச்சல்தான்.

மேடைக் கரண்ட்டை நம்ப முடியாது. ஒரு திருவிழாவில் மைக்கைப் பிடித்த பாட்டுக்காரன் சுருண்டு விழுந்து செத்தான். வேறு யாருமில்லை, பச்சையம்மாளின் தம்பி மகன்தான். அன்றிலிருந்து அன்பரசனுக்கு ஒரு பழக்கம். இடது சுண்டுவிரலின் புறத்தால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பான். உள்பக்கத்தால் தொட்டால் கரண்ட் இழுத்துக் கை மூடிப் பிடித்துக்கொள்ளுமே! "பிடி லட்சுமி" என்று அவன் சொல்லாமல் அவள் ஒரு நாளும் மைக்கைப் பிடித்ததில்லை.

தொண்ணூற்றாறில் ஐப்பசி மழையில் பழைய ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோனது. கிடாரும் கழுத்து விட்டிருந்தது. இரண்டையும் புதுசாகப் பார்க்க அண்ணனும் தங்கையும் தேரடித் தெருவில் ராஜாவின் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். செருப்பை வாசலில் விட்டு, அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் நின்றார்கள்.

மூன்று கிடாரை அன்பரசன் தட்டிக் கழித்தான்.

"இன்னா அன்பு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி எல்லாத்தையும் வேணாங்கற?" என்றான் ராஜா.

"கோணக் கழுத்தா பாத்து என் தலையில கட்டப் பாக்குறியே, நல்லா இருக்கா?"

நாலாவது, சிவப்புக் கிடார், மர ஸ்டூலில் காலைத் தூக்கி உட்கார்ந்து மடியில் வைத்ததுமே பிடித்துவிட்டது. சின்ன ஆம்ப்ளிஃபயரில் போட்டால் கரகரத்தது. பெரியதில் மாட்டி ஒரு இழு இழுத்தான். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"பாத்தியா ராஜா, நாலஞ்சு மாசமா இந்த ரெண்டு விரல்ல கம்பி உறுத்தறதே தெரியல. காய்ப்பு ஏறிடுச்சு" என்று இடது கையின் கடைசி இரண்டு விரலைக் காட்டிப் பெருமையாகச் சொன்னான். அதே பெட்டியில் மைக்கையும் மாட்டச் சொல்லி, இறங்கி நின்று வழக்கம்போல் தொட்டான்.

"சுத்தமா இருக்கு. பிடி லட்சுமி."

பிடித்தவள் அலறினாள். மைக் தெறித்து விழுந்தது. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ராஜா ஓடிவந்து மைக்கில் டெஸ்டரை வைத்தான். சிவப்பாக எரிந்தது.

"கரண்ட் வருதேய்யா! நீ தொட்டியா இல்லியா?"

"தொட்டேன்யா. ஒண்ணுமே இல்லியே."

மறுபடி தொட்டான். ஒன்றுமில்லை. வலது கை விரலின் புறத்தை வைத்தான், சுரீரென்று இழுத்தது. திரும்பவும் இடது சுண்டுவிரல். அது யாருடைய விரலோ போலக் கிடந்தது.

ஆதிலட்சுமி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். சுண்டுவிரல் ஓரத்தில் பெரிய தீக்கொப்புளம்.

"இது எப்பண்ணா?"

அவனுக்குத் தெரியவில்லை. காலையில் டீ டம்ளரைப் பிடித்தது மட்டும் ஞாபகம் வந்தது.

கிடாரை வாங்காமல் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்பரசனின் இடது முழங்கைக்கு மேலே வெளுத்த ஒரு வட்டத்தைப் பச்சையம்மாள் தேமல் என்று சொல்லி வந்தாள். டாக்டர் அதில் ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தொழுநோய் என்றார். ஆறு மாசம் மாத்திரை, குணமாகிவிடும், யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார். நோய் போனது. உணர்ச்சி திரும்பவில்லை. அந்த இரண்டு விரலும் மடங்கியே நின்றுவிட்டன. ஆர்கெஸ்ட்ராக்காரர், "கை சரியாவட்டும்பா, பாத்துக்கலாம்" என்றவர் அதன்பிறகு கூப்பிடவே இல்லை.

அடுத்த ஆடி மாதம் சொந்த ஊரிலேயே கச்சேரி. அன்பரசன் அம்மாவோடு கூட்டத்தில் நின்றான். மேடையில் வேறொருவன் கிடார் மாட்டியிருந்தான். ஆதிலட்சுமி இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுத்தாள், மைக்கில் வைத்தாள், குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"பிடி லட்சுமி" என்று இவன் வாய் முணுமுணுத்தது.

"இன்னாடா சொல்ற?" என்றாள் பச்சையம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா."

மேடையில் ஆதிலட்சுமி அதற்குள் மைக்கைப் பிடித்திருந்தாள்.