டிக்கியில் இருந்த சத்தம்

குவைத்தில் நான் செய்தது கார்களுக்கு பாட்டுப்பெட்டி மாட்டும் வேலை. லீவில் வந்தபோது கனத்த சத்தம் தரும் நல்ல சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவந்து, விருத்தாசலத்தில் என் பழைய காரின் டிக்கியில் நானே பெட்டி அடித்து மாட்டினேன். திரும்பிப் போகும்போது காரை அக்கா வீட்டில் விட்டுப் போனேன். அம்மா மவுத்தான பிறகு எனக்கு ஊரில் வேறு வீடு இல்லை. மச்சான் பீங்கான் சாமான் வியாபாரம் பார்ப்பவர். சும்மா கிடப்பதற்கு அவர் ஓட்டட்டும் என்றுதான் சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த லீவில் வந்த மறுநாள் காலை பாட்டைப் போட்டேன். நெஞ்சில் வந்து மோதவேண்டிய சத்தம் தகர டப்பாவைத் தட்டியதுபோல் வந்தது.

டிக்கி முழுக்க பீங்கான் கட்டிவந்த வைக்கோல். அதை வாரிக் கொட்டிவிட்டு உட்கார்ந்தேன். முன்சீட்டுப் பக்கம் பாட்டுப்பெட்டியில் பேஸைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன், இல்லை. ஆம்ப்ளிஃபயர் திருகு நான் வைத்த இடத்திலேயே இருந்தது. கார் பாடியில் முறுக்கிய எர்த் ஒயரைச் சுரண்டி மறுபடி இறுக்கினேன். அப்படியும் மாற்றமில்லை. இரண்டில் ஒன்றுக்கு ஒயர் தலைகீழாக மாட்டியிருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். ஒன்றைக் கழற்றினால் சத்தம் கூடவேண்டும். கழற்றினேன். இன்னும் குறைந்தது.

வாசலில் அக்கா வந்து நின்றாள்.

"டீ ஆறுது. அத வுட்டுட்டு வா."

"இரு, இதப் பாத்துட்டு வரேன்."

"எல்லாம் நல்லாத்தான் பாடுது. மூடி வையேன்."

ஸ்பீக்கரின் மேலிருந்த கம்பி வலை என்னுடையதுதான். அதைக் கழற்றி, ஸ்பீக்கரைத் தூக்கினேன். என் ஸ்பீக்கரைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். இது ஒரு கையோடு வந்துவிட்டது. பின்னால் சின்னக் காந்தம், பெயர்கூட ஒட்டாத மட்டமான சரக்கு. அடுத்ததும் அப்படியே.

அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அவரு தம்பி வண்டிக்கு மாட்டிட்டாங்க. எப்பவோ ஒருக்கா வர்றவனுக்கு எதுக்குன்னாரு. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாதாம். இந்த மாதிரி ஸ்பீக்கர்களை மாட்டித்தான் பாலைவனத்து வெயிலில் சம்பாதித்து இவள் பெண்ணுக்கு நகை போட்டேன்.

மச்சான் மதியம் சாப்பிட வந்தார். நேராகவே கேட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஆமா, எடுத்துக் குடுத்தேன். இத்தன நாளு வண்டிய யாரு பாத்துக்கிட்டாங்க? ஒரு ஸ்பீக்கருக்காவ வூட்டுக்குள்ள வந்து கணக்கு கேக்குறியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் மச்சான்."

"உங்கிட்ட நான் கேக்கணுமா?"

அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அவர் தட்டில் சோறு வைத்தாள். பிறகு என் தட்டிலும் வைத்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் துணிப்பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு பெண்ணாடத்தில் இருக்கும் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். மீதி லீவு அங்கேயே கழிந்தது. காரையும் அந்த மட்டமான ஸ்பீக்கரோடேயே அந்தப் பக்கம் ஒருவருக்கு விற்றேன். வாங்கியவர் பாட்டைப் போட்டுக் கேட்டு, சத்தம் பிரமாதம் என்றார்.

அதற்கடுத்த லீவுக்கு நான் ஊருக்கு வரவில்லை. பெருநாளுக்கு அக்கா போன் செய்தாள். சாப்பாடு, உடம்பு, வெயில் எல்லாம் விசாரித்தாள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கவில்லை.