கேப்டன் குரலுக்கு வயதான கதை

முதல் நாள்

எனக்கு அழ வராது. டப்பிங் தொழிலுக்கு வந்த பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறு இல்லை. வாய்ஸ் டெஸ்ட் அன்று கதாநாயகி அழும் காட்சியைக் கொடுத்தார்கள். டேக் மேல் டேக் போயிற்று. எனக்கு மூக்கை உறிஞ்சக்கூட வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டப்பிங் இன்சார்ஜ் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார்.

"ஏம்மா, புருசன் செத்துட்டான்னு சொல்ற சீன் இது. ரேஷன் கடையில சக்கரை இல்லேன்னு சொல்ற மாதிரி சொல்றியே!"

"இருக்கிற குரல்தான் சார் வரும். இல்லாததுக்கு நான் எங்க போறது?" என்றேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம்.

மனுஷன் சிரித்துவிட்டார். வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்று அப்போது தமிழுக்கு வந்திருந்தது. அதில் ஒரு ரோபோ. அதற்கு உணர்ச்சியே இல்லாத குரல் தேடிக்கொண்டிருந்தார்கள். நானே போய் மாட்டினேன். தொடருக்குத் தமிழில் 'வான்தோணி' என்றும் ரோபோவுக்குக் 'கிட்டு' என்றும் பெயர் வைத்தார்கள். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நான்தான் கிட்டு.

குரலை இரும்பாக்க இன்று மென்பொருள் இருக்கிறது. அன்று நான் எவர்சில்வர் சொம்புக்குள் பேசினேன். ஸ்டூடியோ சொம்பு சரியாக ஒலிக்காது என்று திருத்தணியிலிருந்து என் வீட்டுச் சொம்பையே ரயிலில் கொண்டுபோவேன். "மலையில இருந்து தீர்த்தமாம்மா?" என்று எதிர்சீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ரோபோ கதையை யார் விளக்கிக்கொண்டிருப்பது?

மணவூரில் ஏறுகிறவர்

கேப்டனுக்குக் குரல் கொடுத்தவர் கன்னியப்பன் அண்ணன். மணவூர்க்காரர், சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். விடியற்காலையில் மடையைத் திருப்பிவிட்டு ரயிலேறுவார். நான் திருத்தணியிலேயே அவருக்கு இடம் பிடித்து வைப்பேன். மணவூர் பிளாட்பாரத்தில் நின்று, "டேய், தண்ணி சும்மா ஓடிகினு கீதுடா, போய்ப் பாரு!" என்று யாரையாவது கத்திக்கொண்டே ஏறுவார்.

அதே ஆள் மைக் முன்னால் நின்றால் வேறு ஆள். "எல்லோரும் அவரவர் இடத்தில் இருங்கள்" என்பார். கேப்டன் ஆபத்து நேரத்தில் சொல்லும் வசனம் அது. சத்தம் போட மாட்டார். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவன்கூடக் கிளாசைக் கீழே வைத்துவிடுவான். பைலட் டிராக்கை, அதாவது மூலக் குரலை, ஒரே ஒரு தடவை கேட்பார். அடுத்த நிமிடம் திரையில் அந்த வெள்ளைக்காரன் உதடு அசைய, இவர் தமிழ் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். லிப் பிடிப்பதில் அவரை மிஞ்சிய ஒருவரை நான் பார்க்கவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், நான் அவர் பக்கத்து மைக்கில் நின்றவள்.

கேப்டன் எந்தக் கட்டளை இட்டாலும் கிட்டு "உத்தரவு, கேப்டன்" என்று சொல்ல வேண்டும். என் வசனத்தில் பாதி அதுதான்.

ஒரு நாள் சேனல் தொடரை நிறுத்திவிட்டது. காரணம் எங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? கடைசி எபிசோட் மட்டும் தமிழில் டப் ஆகாமலே போயிற்று. நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

தொப்பையோடு வந்த விண்வெளி வீரர்கள்

ரிட்டயராகி வீட்டோடு இருக்கிறேன். சமீபத்தில் ஒரு காலை கதவைத் தட்டினார்கள். திறந்தால் நாலைந்து பேர், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தொப்பை மேல் இழுத்துவிட்ட பனியனில் விண்கலம் படம். முன்னால் நின்றவர் லோகு. கே.ஜி.கண்டிகையில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்.

"அம்மா, நீங்கதான் கிட்டுவா?"

"எந்தக் கிட்டுப்பா? மாடியில குடியிருந்தவரா? அவரு காலி பண்ணிகினு போயிட்டாரே."

"இல்லம்மா... உத்தரவு, கேப்டன்!" என்று லோகு நடுத்தெருவில் சல்யூட் அடித்தார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எனக்கு மானமே போயிற்று.

வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று நினைத்துத்தான் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் என் நினைப்பு மாறிவிட்டது. நான் எந்த எபிசோடில் எந்த இடத்தில் மூச்சு விட்டேன் என்று சொல்கிறார்கள். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருப்பவர் ஒருவர், "கலம் தீப்பிடிச்ச எபிசோட்ல கிட்டுவுக்கு ஜலதோசம்மா. ரோபோவுக்குச் சளி பிடிக்குமான்னு ஸ்கூல்ல அடிதடியே ஆச்சு" என்றார். நான் அன்று காய்ச்சலோடு போய்ப் பேசியது எனக்கே மறந்திருந்தது. என் புருஷன் இருந்தவரை, நான் என்ன வேலைக்குப் போகிறேன் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. இந்தப் பிள்ளைகள் என் ஜலதோஷத்தைக்கூடக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

பழைய வீடியோ கேசட்டுகளைத் தேடித்தேடித் தமிழ் எபிசோடுகளை எல்லாம் சேர்த்துவிட்டார்களாம். கடைசி எபிசோட் மட்டும் இல்லை. அதில் கலம் ஊர் திரும்ப வேண்டுமானால் கிட்டுவைத் தெரியாத கிரகத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"இங்கிலீஷ்ல பாத்துட்டோம்மா. ஆனா அது யாரோ ஒரு கேப்டன். எங்க கேப்டன் இன்னும் அந்தக் கிரகத்துலயேதான் நின்னுகினு கீறாரு. நீங்களும் கன்னியப்பன் ஐயாவும் பேசிக் குடுத்தீங்கன்னா, அவரை ஊட்டுக்குக் கூட்டியாந்துடலாம்" என்றார் லோகு. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

நல்லா கீது

மணவூருக்குப் போனோம். கன்னியப்பன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது எனக்குத் தெரியும். ஆனால் அவர் இப்படி ஒடுங்கிப்போயிருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. வலது கை விழுந்துவிட்டது. நாக்குக் குழறுகிறது.

"பேசவே மாட்டேங்கிறாரு வசந்தா. யாருனா வந்தா உள்ள போயி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாரு. கொரலால பொழச்ச மனுசன், வெக்கப்படறாரு" என்றாள் அவர் மனைவி சரோஜா.

எங்களோடு வந்த ஹேமா சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். அவளும் அந்தக் காலத்துக் கிட்டு ரசிகை. பழைய எபிசோடுகளில் இருந்து அண்ணன் குரலை எடுத்து, கம்ப்யூட்டரிலேயே கடைசி எபிசோட் வசனத்தைச் செய்துகொண்டு வந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பாவம், இந்த மனுஷனை எதற்குப் படுத்துவது? லிப்பும் கச்சிதமாக உட்காரும்.

லேப்டாப்பில் போட்டாள். அதே குரல், கம்பீரம் குறையாமல். சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் முழுக்கக் கேட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசினார்.

"நல்லா... கீது. ஏம்மா... நான்... செத்துட்டனா?"

ஹேமா அவர் கண் முன்னாலேயே அதை அழித்தாள். "மன்னிச்சிடுங்க ஐயா. நீங்களே பேசுங்க. ஒருநாளைக்கு ஒரு வரி பேசினாலும் போதும். நான் உக்காந்து ஒட்டிக்கிறேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். லோகு வீட்டு அறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு ரெக்கார்டிங் நடந்தது. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் பேசுவார். எச்சில் வழியும், துடைத்துக்கொள்வார், மறுபடி பேசுவார். நான் பழக்கதோஷத்தில், "லிப் போயிடுச்சுணா, ஒன் மோர்!" என்று கத்திவிடுவேன். அவர் கோணல் வாயால் சிரிப்பார்.

எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. முடிந்ததும் ஒரு மண்டபம் பிடித்து ரசிகர்கள் எல்லாருக்கும் போட்டுக்காட்ட லோகு திட்டம் வைத்திருந்தார். லோகுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இதை நீங்க நாலு பேரு மட்டும் பாத்துக்குங்கப்பா. மண்டபத்துல போடாத. எவனாவது சிரிச்சுட்டான்னா அந்த மனுசன் அப்புறம் வாயையே தெறக்க மாட்டாரு."

"நம்ம ஆளுங்க சிரிக்க மாட்டாங்கம்மா."

"ஜனங்களை உன்னைவிட ஜாஸ்தி பாத்தவ நான்."

பேச்சு அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "போடு... லோகு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை

மலையடிவாரத்தில் ஒரு சின்ன கல்யாண மண்டபம். ஞாயிறு காலையில்தான் போட வேண்டும் என்று லோகுவுக்குப் பிடிவாதம். பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள், திருப்பதியிலிருந்துகூட பஸ் ஏறி வந்திருந்தார்கள். அண்ணன் கடைசி வரிசையில் சரோஜா பக்கத்தில் உட்கார்ந்தார். தப்பித்து ஓட வசதியான இடம் என்று எனக்குப் புரிந்தது.

திரையில் எச்சரிக்கை விளக்கு சுழல்கிறது. வாலிபக் கேப்டன் வாயைத் திறந்து மூடியும் விட்டான். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

"எல்லோரும்... அவரவர்... இடத்தில்... இருங்கள்."

நடுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தலையைக் குனிந்து, இடது கையால் சரோஜா தோளைப் பிடித்து எழுந்திருக்கப் பார்க்கிறார்.

முன்வரிசையில் லோகு எழுந்து நின்றார். "உத்தரவு, கேப்டன்!"

மண்டபமே எழுந்தது. தாலுகா ஆபீஸ் கிளார்க், ஹேமா, பேர் தெரியாத நரைத்தலைகள், எல்லாரும் ஒரே குரலில் "உத்தரவு, கேப்டன்!" என்று சொல்லிவிட்டு, அவர் கட்டளைப்படியே அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சிரித்தவரும் சேர்ந்துதான் சொல்லியிருப்பார். அண்ணனும் உட்கார்ந்துவிட்டார். கடைசிவரை எழுந்திருக்கவில்லை. கிட்டுவைப் பிரியும் காட்சியில் "போய்... வரேன்... கிட்டு" என்று அவர் குரல் உடைந்து வந்தபோது, சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அந்த வசனத்தை அவர் வாலிபத்தில் பேசியிருந்தால் இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டார். சத்தியமாகச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் டிப்ஸ் கேட்கிறார்கள். லிப், மூச்சு, மைக் தூரம் எல்லாம் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பார்கள். நான் லேட்டாகக் கற்றது ஒன்று உண்டு. ஒரு கலைஞருக்குப் 'போதும்' என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். பரிதாபப்பட்டுக்கூட அதை நாம் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை மணவூரிலிருந்து போன். சரோஜா என்று நினைத்து எடுத்தேன்.

"வசந்தா... லிப்பு... போயிடுச்சு... இல்ல?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆங், சுத்தமா போயிடுச்சுணா."

போனில் அவர் சிரிப்பது கேட்டது.

"அப்ப... ஒன் மோர்... எடுக்கலாமா?"