ரசப் பாத்திரத்தில் கொதித்த கம்பிகள்

வெந்நீரில் விழுந்த, பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரின் இரும்பு வாடை, சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை மாடியில் நாங்கள் குடியிருந்த, இப்போது இல்லாத அந்த ஒற்றை அறைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. கானமேளா மேடைக் கச்சேரிகளில் வாசித்த அப்பா, தன் பழைய பேஸ் கிட்டாரின் கம்பிகள் அழுக்கேறி மந்தமானால், அவற்றைக் கழற்றி அம்மாவின் ரசப் பாத்திரத்தில் கொதிக்கவைப்பார். புதுக் கம்பி மஸ்கட்டிலிருந்து மாமா வந்தால்தான் உண்டு. துடைத்து, உலர்த்தி, மறுபடி பூட்டி அவர் முறுக்க முறுக்க, கீழே மூட்டை இறக்கும் சத்தத்தையும் மீறி அந்தக் கனத்த ஒலி மேலேற, வெந்து பலமிழந்த கம்பி எந்த நொடியும் அறுந்து முகத்தில் அடிக்கும் என்று நான் பின்வாங்கி அம்மாமேல் சாய்வேன்.

"மெல்ல முறுக்குங்க, பொட்டிரும், கேட்டேளா" என்பாள் அம்மா.

"பொட்டாது. நீ பேசாம நில்லு" என்பார் அப்பா. ஆனால் அடுத்த முறுக்கை மெல்லத்தான் முறுக்குவார்.

அம்மா பின்னாலிருந்து என் கண்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்வாள். அந்த இருட்டில் வெங்காய வாடையும், ஏறிக்கொண்டே போகும் ஒலியும் மட்டும்தான்.

கட்டடத்தை இடித்தாயிற்று, கிட்டார் என்னிடம் இருக்கிறது. கம்பியை முறுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறேன். அம்மாவின் இரண்டு கைகளும் என் முகத்தில்தான் இருந்தன. அவள் முகத்துக்கு மறைப்பே இல்லை என்பது இன்றுதான் உறைக்கிறது.