தம்பியுடையது என்று வந்த பேட்ஜ்

ராணுவ முகாமிலிருந்து விடுப்பில் கிளம்பிய என் தம்பி வீடு வந்து சேரவில்லை. எங்கெங்கோ தேடி ஓய்ந்திருந்தபோது, நாமக்கல் அருகே எங்கள் கோழிப்பண்ணைக்கு ஒருவர் வந்தார். தம்பி வடநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நினைவு தப்பிக் கிடப்பதாகச் சொல்லி, அவன் தொப்பியில் இருந்ததென்று ரெஜிமென்ட் பேட்ஜ் ஒன்றை நீட்டினார்.

"என்ற சாமி உசுரோட இருக்கானுங்களா?" என்று கேட்ட அம்மா, அவர் கேட்ட வழிச்செலவுக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தம்பியின் பழைய பேட்ஜ் பீரோவில் இருந்தது. ஆசையாக இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். முகப்பு ஒன்றுபோலவே இருந்தது. திருப்பினேன். தகட்டை அழுத்தி அடித்த தம்பியுடையதில், முன்பக்கச் சின்னம் பின்னால் குழிவாகத் தெரிந்தது. வந்ததோ அச்சில் ஊற்றிய போலி. பின்புறம் தட்டையாக, சொரசொரப்பாக இருந்தது.

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் குடுங்க, நான் பேசறேனுங்க" என்றேன்.

"நெம்பர் வண்டியில இருக்குதுங்க, எடுத்துட்டு வாரேன்" என்று போனவர் திரும்பவில்லை.

"நீ திருப்பிப் பாக்காம இருந்திருக்கலாம் அம்மிணி" என்றார் அம்மா. "இன்னும் ரெண்டு நாளைக்காச்சும் அவன் உசுரோட இருந்திருப்பான்."

இப்போதும் யாராவது சேதி கொண்டுவருகிறார்கள். அவர்களை நான் வாசலிலேயே நிறுத்தி, தீர விசாரிக்கிறேன். நிஜமென்று தெரிந்த பிறகே அம்மாவிடம் சொல்வதென்று வைத்திருக்கிறேன். இதுவரை எதையும் சொல்லவில்லை.