ஆள் இறங்கும் துவாரம்

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். கொதிகலன்களுக்கு அளவு விவரம் எழுதித் தரும் இன்ஜினியர் ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லியான ஆள். எழுதும்போது சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார்.

புதுக் கலனில், சுத்தம் செய்ய ஆள் இறங்கும் துவாரத்தை அவர் பெரிதாக எழுதியிருந்தார். மேனேஜர் சிறிதாக்கச் சொன்னார்.

"ஆள் நுழையறான் இல்ல? அப்பறம் இன்னா?"

"நுழைஞ்சிடுவான் சார். உள்ள மயங்கி வுழுந்தா?"

சொல்லிவிட்டு இன்ஜினியர், சின்னத் துவாரமுள்ள பழைய கலனுக்குள் இறங்கி, மயங்கியவர்போலத் துவண்டு கிடந்தார். நாலு பேர் இழுத்தும் தோள் சிக்கிக்கொண்டது. கடைசியில் அவரே உடம்பைத் திருப்பி, வியர்வை சொட்ட வெளியே வந்தார்.

"மயங்கினவன் இப்படித் திரும்புவானா சார்?"

மறுநாள் மேனேஜர் சிறிய அளவையே டைப் அடிக்கும்படி என்னிடம் சொன்னார். வேலை போய்விடுமே என்று அடித்துக் கொடுத்தேன். இன்ஜினியர் கையெழுத்துப் போட மறுத்து, வேலையை விட்டுப் போனார். அதை அடித்துக் கொடுத்த என்மேல் அவர் ஏன் கோபப்படவில்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.