பத்து டொலர் தாளை ஆட்டிக் காட்டியவன்

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் மனைவியும் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீடு. ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு உதைபந்தாட்டம் விளையாடியவன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், கூட வேலை செய்தவர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமை அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் கோல்கீப்பர் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து குடியேறியவர். நாற்பது வயதைத் தாண்டிய வெல்டிங் வேலைக்காரர். இங்கிலாந்துக்காரர் என்றால் எல்லாருமே வசதியானவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்களை ஆண்டவர்கள் அல்லவா?

அந்த ஞாயிறு உடை மாற்றும் அறையில் அவர் கையுறையைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் பேசினானாம்.

"என்ர ஊர் உதைபந்தாட்டக் கிளப்பின்ர கேற்றுக்குச் சங்கிலி போட்டுட்டாங்கள்" என்றார்.

ஏதோ திருத்த வேலை நடக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அவர்தான் விளங்கப்படுத்தினார். ஊரில் இருந்த பெரிய இரும்பாலையை மூடிவிட்டார்கள். தெருத் தெருவாக ஆண்கள் வேலையில்லாமல் நின்றார்கள். சம்பளம் இல்லாதவன் டிக்கெட் வாங்குவானா? கூட்டம் குறைந்தது. மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காகத் தங்கள் மிகச் சிறந்த ஆட்டக்காரனை லண்டன் கிளப் ஒன்றுக்கு விற்றார்கள். பிறகு தோல்விமேல் தோல்வி; கூட்டம் இன்னும் குறைந்தது. கடைசியில் வரி கட்ட வழியில்லாமல், நீதிமன்ற ஆட்கள் வந்து மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள்.

"லண்டனில மட்டும் எப்பிடிக் காசு?" என்று கேட்டேன்.

"அங்க வேலை இருக்கு, வங்கி இருக்கு, வீட்டு விலை ஏறுது. எங்கட பக்கம் வீட்டை வித்தால் வாங்க ஆளில்லை" என்றவர், கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அன்று எங்களை எதிர்த்து விளையாடியவர்களில் பெரும்பாலானோர் லண்டன் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள். கட்டட வேலை செய்கிறவர்கள். எங்கள் கோல்கீப்பர் எங்களைப் பார்த்துக் கத்தக் கத்த, அவருடைய பேச்சை வைத்தே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பிடித்துவிட்டார்கள். இரண்டாவது பாதியில் கோலுக்குப் பின்னால் நின்ற அவர்களுடைய மாற்று ஆட்டக்காரர்கள் பாடத் தொடங்கினார்கள். உனக்கு ஒருநாளும் வேலை கிடைக்காது என்பதுதான் பாட்டு. அவர்களில் செம்பட்டை முடிக்காரன் ஒருவன் கோட்டுப் பையிலிருந்து பத்து டொலர் தாளை எடுத்து, வலைக்கு அருகே வந்து, உன்னிடம் இது இருக்கிறதா என்பதுபோல அவருடைய முகத்துக்கு நேராக ஆட்டினான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நான் விட்டு வந்த நாட்டில், வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், அதை வைத்து ஆளை அடையாளம் கண்டு அடித்தார்கள். அதற்குப் பயந்துதான் ஓடி வந்தேன். இங்கிலாந்துக்காரர்களுக்குள்ளேயே இப்படி ஒன்று இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கோல்கீப்பர் கோலை விட்டு வெளியே நடந்தார். பந்து வெறும் கோலுக்குள் உருண்டு போனது, யாரும் கைதட்டவில்லை. அவர் வலையைச் சுற்றிப் போய் அந்தச் செம்பட்டை முடிக்காரனின் கோட்டுக் கழுத்தைப் பிடித்தார். நான் ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அசைக்க முடியவில்லை. பயந்துபோன அவன் ஏதோ கத்தினான்.

சட்டென்று அவருடைய பிடி தளர்ந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுடைய கூட்டாளிகளும் பாட்டை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். "எந்தத் தெரு?" என்று கேட்டார் கோல்கீப்பர். அவன் தலையைக் குனிந்தபடி ஒரு தெருவின் பெயரைச் சொன்னான். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது: பயத்தில் அவன் கத்தியது அவருடைய ஊர்ப் பேச்சில். அவனும் அதே ஊர்க்காரன்!

வேலை தேடித் தகப்பன் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனபோது அவன் சின்னப் பிள்ளையாம். பள்ளிக்கூடத்தில் அவனுடைய பேச்சைச் சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார்கள். அவன் பேச்சையே மாற்றிக்கொண்டான்.

"உங்கட குரலைக் கேட்டவுடனயே தெரியும்" என்றான். "நான் கூடப் பாடாமல் நிண்டால் இவங்கள் என்னையும் கண்டுபிடிச்சிடுவாங்கள் எண்டு பயந்திட்டன்."

"கேற்றைப் பூட்டிட்டாங்கள்" என்றார் கோல்கீப்பர்.

எந்தக் கேற் என்று அவன் கேட்கவில்லை. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நடுவர் ஆட்டத்தை அத்தோடு முடித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "வெள்ளைக்காரருக்குள்ளயும் வடக்கு, தெற்கு எண்டு இருக்கோ?" என்று வாயில் கைவைத்தாள். ஓம் என்று சொல்லவே எனக்கு ஒருமாதிரி இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் கோல்கீப்பர் சிரித்துக்கொண்டே என்னிடம் ஓடி வந்தார். ஊரில் சில வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து கிளப்பை மீட்டுவிட்டார்களாம், கேற் திறந்தாயிற்றாம். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது. "அவனுக்கும் சொல்லோணும்."

அவன் வேலை செய்யும் இடத்தை விசாரித்துக்கொண்டு, எங்கள் வேலை முடிந்ததும் அவருடைய காரில் போனோம். அவன் ஒரு புது வீட்டின் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அங்கே அவனுடன் நின்றவர்கள் அன்று மைதானத்துக்கு வந்தவர்கள் அல்ல, வேறு ஆட்கள். எங்களைக் கண்டதும் முகம் வெளிறிப்போய் இறங்கி வந்தான். கோல்கீப்பர் செய்தியைச் சொன்னார். அவன் முதலில் திரும்பி, கூரையில் நிற்பவர்களுக்குக் கேட்குமா என்று பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையாவோ?" என்றான். கண் நிறைந்துவிட்டது. கோல்கீப்பர் அவனுடைய தோளில் ஒருமுறை தட்டினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பாதி ஏறியதும் மேலே இருந்தவர்களைப் பார்த்து லண்டன் பேச்சில் ஏதோ பகிடி விட்டு அவர்களைச் சிரிக்க வைத்தான். இந்த முறை எனக்கும் வித்தியாசம் கேட்டது.

இன்றைக்கும் எங்காவது ஒருவர் இன்னொருவரின் ஊரையோ பேச்சையோ வைத்துப் பலமாகச் சிரித்தால், எனக்குக் கோபத்துக்கு முன்னால் வருவது, இவர் எந்த ஊரை இப்படிப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறாரோ என்ற கவலைதான்.